ஊதச் சொல்லுங்கள், எல்லோரையும்!

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

"வேலைக்கு வருகிறவனை வாசலிலேயே ஊதச் சொன்னால் என்ன தப்பு? குடிக்காதவனுக்கு என்ன பயம்?" எங்கள் குடியிருப்போர் நலச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்ட கேள்வி இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் மூச்சுப் பரிசோதனையில் சிக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். "குடிகாரனுக்கு என்ன சார் உரிமை?" என்று ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி முடித்து வைத்தார். குழுவில் பதில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் ஊதச் சொல்வது தப்பே இல்லை. கிரேன் ஓட்டுகிறவர், பிரஸ் மெஷினில் கை வைக்கிறவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கல்குவாரியில் வெடி வைக்கிறவர் யாரும் போதையில் இருக்கக் கூடாது. செத்துப் போவது பெரும்பாலும் குடித்தவன் அல்ல, பக்கத்தில் நிற்கிறவன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சொல்லப்போனால், நம் ஆட்கள் நினைப்பதைவிட இந்தச் சோதனை அவசியமானது. முப்பத்தோரு வருஷம் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் உடம்பில் இது பரவும்போது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரும். ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காபி குடித்தாலும் குறையாது, மோர் குடித்தாலும் குறையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் குறையாது. இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்கும் நேரத்தில் கணக்கு தொடங்கினால் காலை எட்டு மணிக்குத்தான் பூஜ்யம். ஆறு மணி ஷிப்டுக்கு வாசலில் நிற்கும்போது ரத்தத்தில் இன்னும் 30 மில்லிகிராம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு வண்டி ஓட்டுவதற்கு வைத்திருக்கும் எல்லையும் அதே 30தான். சாப்பாடு, உடல்வாகு, பழக்கம் பொறுத்து மேலே கீழே போகும், தோராயக் கணக்குதான். ஆனால் "நேற்று ராத்திரி குடித்தது, தூங்கி எழுந்துவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று மனதாரச் சொல்கிறவன்கூடப் பொய் சொல்லாமலேயே தப்பாக இருக்க முடியும்.

அதனால் என் சண்டை சோதனையோடு அல்ல. எழுதி வைத்த விதி இல்லாமல், ஒரே ஒரு சாதியாரை மட்டும் (பிறப்புச் சாதியைச் சொல்லவில்லை, ஒப்பந்தத் தொழிலாளர் என்ற புதுச் சாதியைச் சொல்கிறேன்) பிடித்து நடத்துகிற சோதனையோடுதான் என் சண்டை.

என்னிடம் படித்த ஒருவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். ஒரே கம்பெனியில் பதினோரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இடையில் மூன்று கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், இவன் மாறவில்லை. கம்பெனியின் பெயர் வேண்டாம். சளிக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அரிஷ்டத்தைக் காலையில் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அரிஷ்டம் என்பது புளிக்கவைத்துச் செய்வது, அதில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. வாசலில் செக்யூரிட்டி மெஷினை நீட்ட, ஊதியிருக்கிறான். சிவப்பு விளக்கு. எவ்வளவு என்று எண் கிடையாது, விளக்கு மட்டும்தான். "கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ஊதுகிறேன், இல்லாவிட்டால் ரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று கேட்டிருக்கிறான். பின்னால் வரிசை நிற்கிறது, ஓரமாகப் போ என்றார்கள். மத்தியானம் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் போனில் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கடிதம் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை.

அவன் குடிக்கவே மாட்டான் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் சொன்னது இதுதான்: "சார், நான் குடிச்சேன்னே வெச்சுக்கங்க. எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா வீட்ல காட்டியிருப்பேன். இப்ப எங்க வீட்லயே நம்ப மாட்டேங்குறாங்க." எஸ்டேட்டில் கான்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அடுத்த இடத்தில் வேலை கேட்டால் "ஓ, அந்த ஊதுன கேஸா?" என்கிறார்களாம்.

இன்னொன்றும் சொன்னான். அதே வாசல் வழியாகத்தான் மேனேஜர்களின் கார்களும் போகும். கார் வந்தால் தடுப்புக் கம்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். கண்ணாடியை இறக்கி ஊதச் சொன்னதைப் பதினோரு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளாவிலிருந்து இரண்டு செய்திகள். 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம் ரயில் ஓட்டுநர்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. பணிக்கு வருமுன் இளநீர் குடிக்காதே, சில வகை வாழைப்பழம் சாப்பிடாதே, இருமல் மருந்து, குளிர்பானம், ஹோமியோபதி மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் எதையும் தொடாதே. ஏன்? மூச்சுக் கருவி ஆல்கஹால் என்று காட்டுகிறது, ரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் இல்லை. கருவியைச் சந்தேகிக்க வேண்டிய இடத்தில் வாழைப்பழத்தைச் சந்தேகித்தார்கள்! ஊரே சிரித்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சில நாளிலேயே உத்தரவு வாபஸ். அதே வருஷம் ஜூலையில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பந்தளம் பணிமனையில் பலாப்பழம் சாப்பிட்ட ஓட்டுநர்கள் மூச்சுச் சோதனையில் சிக்கினார்கள். சந்தேகம் வந்து, சோதனையில் பூஜ்யம் காட்டிய ஒருவருக்குப் பலாச்சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் மெஷின் கத்தியது. மணி மணியான செய்முறை விளக்கம், என் வகுப்பில் நடத்தியிருக்கலாம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் வேறு, நுரையீரலிலிருந்து வரும் ஆல்கஹால் வேறு. வாயில் இருப்பது கால் மணி நேரத்தில் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. அதனால்தான் இடைவெளி விட்டு இரண்டாவது தடவை ஊதச் சொல்ல வேண்டும். மலிவான குறைக்கடத்தி உணரி வைத்த கருவி ஆல்கஹாலை மட்டும் தனியாகப் பிரித்தறியாது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும் அது ஏமாறலாம். எரிபொருள் கலம் வைத்த நல்ல கருவி இந்த விஷயத்தில் மேல், ஆனால் அதையும் குறித்த காலத்தில் அளவு சரிபார்க்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசுக்கே முத்திரை வேண்டும் என்கிறது சட்டம். ஒரு மனிதனின் பிழைப்பை நிறுக்கிற கருவிக்கு வேண்டாமா?

இப்போது வானத்தைப் பாருங்கள். நாட்டிலேயே மிகக் கறாரான மூச்சுப் பரிசோதனை விமானிகளுக்குத்தான். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி எல்லை பூஜ்யம். நியாயம்தான், பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதியை முழுசாகப் படியுங்கள். முதல் ஊதலில் சிக்கினால் வாய் கழுவ விட்டு, கால் மணியிலிருந்து இருபது நிமிடம் கழித்து இரண்டாவது சோதனை. நடுவே அதே கருவியில் வேறு ஒருவரை ஊத வைத்து, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் கேமராவில் பதிவாகும். உறுதியானால் முதல் தடவை உரிமம் மூன்று மாதம் நிறுத்தம், இரண்டாம் தடவை மூன்று வருஷம், மூன்றாம் தடவைதான் ரத்து. போதைப்பொருள் சோதனைக்குத் தனி விதி 2022 ஜனவரி 31 முதல் இருக்கிறது. அதில் முதல் தடவை உறுதியானால் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

முந்நூறு டன் இயந்திரத்தை ஆகாயத்தில் ஓட்டுகிறவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்று டன் ஃபோர்க்லிஃப்டைத் தரையில் ஓட்டுகிறவனுக்கு ஒரு விளக்கு, ஒரு போன். வங்கி அதிகாரி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. 1971-இல் பச்சுபாய் ஹசனாலி கார்யானி வழக்கில், மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்துக் குடித்தான் என்று முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்றே தனி அட்டவணை இருந்தது. அதில் குடிபோதை முறைகேடாகத்தான் இருந்தது. ஆனால் பணியின்போது, பணியிடத்தில் என்று எழுதியிருந்தது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரித்துத்தான் நீக்க முடிந்தது. விசாரணை முடியும்வரை முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டியிருந்தது. பூமிக்கடியில் நிலக்கரி வெட்டுகிறவனுக்கே இவ்வளவு நடைமுறை இருந்தது.

ஆனால் இந்தச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு என்று இருந்தது. 2020-இல் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அம்பத்தூர், பாடி, திருமுல்லைவாயல் பட்டறைகளில் 300 பேர் உள்ளவை எத்தனை என்று நீங்களே ஒரு சுற்று நடந்து எண்ணிப் பாருங்கள். மெஷின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் எழுதப்பட்ட விதி வாசலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

சுரங்கம் என்றதும் நெய்வேலி என்று நினைக்க வேண்டாம். 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி கல்குவாரியும் சுரங்கமாகத்தான் இருந்தது (சின்னக் குழிகளுக்கு விலக்கு இருந்தது). நம் மாங்காட்டுக்குப் பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகளை எல்லோருக்கும் தெரியும். 2017 வறட்சியில் அந்தக் கைவிடப்பட்ட குழிகளில் தேங்கிய தண்ணீரைத்தான் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அங்கே கல் உடைப்பது நின்றுவிட்டது. ஜல்லியும் எம்-சாண்டும் இப்போது தூரத்திலிருந்து வருகின்றன. ராத்திரி பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் நின்று பாருங்கள், வரிசையாக டிப்பர்கள்.

அந்த டிப்பர் ஓட்டுநர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். சம்பளம் நடைக்கு இவ்வளவு. எத்தனை நடை அடிக்கிறானோ அவ்வளவு காசு. சுரங்கச் சட்டம் தரைக்கு மேல் வேலை செய்பவருக்கு நாளுக்கு 9 மணி நேரம் என்றது. குவாரி வாசலைத் தாண்டினால் 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 8 மணி நேரம் என்றது. நடைக் கூலி இரண்டையும் கேட்டதில்லை. லோடு ஏற்ற வரிசையில் நாலு மணி நேரம், பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை, விடிவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க என்ன போடுகிறான், வலிக்கு என்ன மாத்திரை விழுங்குகிறான் என்று லாரி முதலாளிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

1997-இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கை கண் ஒருங்கிணைப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் கெட்டுப்போகிறது என்பது அதன் சாரம். நம் சட்டத்தின் எல்லை 30 என்பதை மறக்காதீர்கள். ஆக, டபுள் டியூட்டி பார்த்துவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறுகிறவன் ஒரு சொட்டும் குடிக்காமலே எல்லையைத் தாண்டியவன். அவன் ஊதினால் பச்சை விளக்குதான் எரியும். "ஆள் வரலை, இன்னிக்கு ஒரு நாள் சேர்த்துப் பாத்துடு" என்று அவனை நிறுத்தி வைத்த சூப்பர்வைசருக்கு எந்த விளக்கும் எரியாது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று வாபஸ் வாங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தில் வாபஸ் ஆனது பட்டறையில் வாபஸ் ஆகவில்லை.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ராத்திரி விற்கிற கை அரசாங்கத்தினுடையது, காலையில் வேலையை விட்டுத் துரத்துகிற கை முதலாளியினுடையது. நடுவில் அந்த மனிதனைக் கைப்பிடித்துச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகிற கை எங்கே? 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதே சென்னையில்தான் இருக்கிறது. குடியை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை கொடுப்பது நமக்குப் புதிதே இல்லை. மெஷின் வாங்கக் காசு இருக்கிற கம்பெனிக்கு அங்கே ஒரு ஆளை அனுப்பக் காசு இல்லையாம்.

"வெளிநாட்டில் எல்லாம் கறாராக இருக்கிறார்கள்" என்பது குழுவில் வந்த இன்னொரு வாதம். சரி, அங்கேயும் போவோம். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் வாசலில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது சாதாரணம். ஆனால் அதே நாட்டில் 2012-இல் என்டெவர் எனர்ஜி என்ற மின் நிறுவனம் சிறுநீர்ப் பரிசோதனைதான் வேண்டும் என்றபோது, தொழில் தீர்ப்பாயம் அது நியாயமற்றது, எச்சில் பரிசோதனை போதும் என்றது. காரணம் எளிது. கஞ்சாவின் தடயம் சிறுநீரில் பல நாள் தங்கும். வேலையில் போதையில் இருக்கிறானா என்பதைவிட, லீவு நாளில் என்ன செய்தான் என்பதைத்தான் அது சொல்லும். கனடாவில் 2013-இல் இர்விங் காகித ஆலை வழக்கு. ஆபத்தான வேலைகளில் இருப்பவர்களில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் பேரைத் திடீரென்று ஊத வைக்கும் விதியை, பதினைந்து வருஷத்தில் எட்டு சம்பவங்களே காட்டப்பட்ட நிலையில், உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விபத்துக்குப் பிறகோ, நியாயமான சந்தேகம் இருந்தாலோ சோதிப்பதை அது தடுக்கவில்லை. அந்தத் தீர்ப்போடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் ஊர் நிலைமைக்கு எல்லோரையும் தினமும் ஊத வைப்பதே மேல் என்பது என் கட்சி. பத்துப் பேரில் ஒருவனைப் பொறுக்கினால் யாரைப் பொறுக்குவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

ஆக, ஒரு கம்பெனி மெஷின் வாங்குகிறது என்றால், வாசலில் தமிழிலும் இந்தியிலும் (பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள்) ஒரு பக்க விதியை ஒட்டட்டும். எம்.டி. கார் உட்பட எல்லோரும் ஊத வேண்டும். எண் காட்டும் கருவி, அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி. சிக்கினால் இருபது நிமிடம் கழித்து மறுசோதனை, அதிலும் சிக்கி அவர் மறுத்தால் கம்பெனிச் செலவில் ரத்தப் பரிசோதனை. எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில் ஒரு தாள். முதல் தடவை அன்றைக்கு வேலை இல்லை, ஆனால் வேலை போகாது. கான்ட்ராக்டர் மாறினாலும் இதே விதி. கூடவே அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: நேற்று எத்தனை மணிக்கு வெளியே போனாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய். பத்து மணி நேர இடைவெளி இல்லாதவனையும் உள்ளே விடக் கூடாது. இந்தக் கடைசி வரியை எந்த முதலாளியும் ஒட்டமாட்டார் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

எஸ்டேட்டிலோ, ஆவடி, பூந்தமல்லி பக்கக் குடோன்களிலோ வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்கள் வாசலில் மெஷின் இருந்தால், எழுதிய விதி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி பெயரை மறைத்துவிட்டு எனக்குத் தனிச் செய்தியில் படம் அனுப்புங்கள். விதி இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி போதும். ஆயிரம் கைதட்டல் படத்தைவிட அது எனக்கு உபயோகமாக இருக்கும். நலச் சங்கக் கூட்டம் வரும் ஞாயிறு. வங்கி அதிகாரி நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.